மூடியில் படிந்த வெண்ணெய்: ஹைபிரிட் காரின் எஞ்சின் ஆயில்

ஆனி, ஆடி மாதங்களில் மேற்குக் காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரலைச் சுமந்துகொண்டு செங்கோட்டைக்குள் நுழையும்போது, எங்கள் காரின் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தால் அதன் உட்புறத்தில் வெண்ணெய் போன்ற மஞ்சள் படிவு ஒட்டியிருக்கும். 2013-இல் இந்தியச் சந்தைக்கு வந்த டொயோட்டா கேம்ரி ஹைபிரிட் வகை வண்டி அது; பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து அதை இழுக்கும். பழையதாக வாங்கிய முதல் ஆண்டில் இந்தப் படிவைக் கண்டதும், எஞ்சினின் மேல் பாகத்தை அடைத்துப் பிடிக்கும் ஹெட் கேஸ்கெட் பழுதாகி, எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மமான கூலண்ட் ஆயிலில் கலந்துவிட்டதோ என்று பதறினேன். ஆனால் கூலண்ட் மட்டம் சற்றும் குறையவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை புளியரையிலிருந்து கோட்டைவாசல் ஏறி, தென்மலை வழியாகப் புனலூர் போய்த் திரும்பிய பிறகு மூடியைத் திறந்து பார்த்தால், படிவு பெரும்பாலும் கரைந்து போயிருந்தது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. அதில் பெரும்பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறிவிட, மிகச் சிறிய பங்கு பிஸ்டன் வளையங்களின் இடுக்கு வழியாக நழுவி, எஞ்சினின் அடிப்பகுதியில் ஆயில் தங்கியிருக்கும் இடத்துக்கு வந்து சேர்கிறது. எரியாத பெட்ரோலும் கொஞ்சம் அதே வழியில் இறங்குகிறது. ஆயில் நன்றாகச் சூடாகியிருந்தால் இவை இரண்டும் ஆவியாகி, காற்றோட்டக் குழாய் வழியாக மீண்டும் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு எரிந்துவிடும். ஆயில் சூடாகாவிட்டால் நீர் அங்கேயே குளிர்ந்து, ஆயிலோடு கலந்து, எஞ்சினிலேயே குளிர்ந்த பகுதியான மூடியில் வெண்ணெயாகத் திரளும். வார நாட்களில் எங்கள் வண்டி பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் இரண்டு, மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடுகிறது. அதிலும் பாதித் தூரத்தை மின்மோட்டாரே இழுத்துவிடுவதால், எஞ்சின் சில நிமிடங்கள் ஓடி, சூடாகும் முன்பே அணைந்துவிடுகிறது.

ஹைபிரிட் எஞ்சின் அடிக்கடி நின்று கிளம்புவதால்தான் தேய்கிறது என்று பலர் கருதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சாதாரண காரில் ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினை நிமிடத்துக்கு இருநூறு சுற்று அளவில்தான் சுழற்றும். அந்த வேகத்தில், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கில் ஆயில் படலம் முழுமையாக உருவாவதற்குள் பெட்ரோல் எரியத் தொடங்கிவிடுகிறது. டொயோட்டா ஹைபிரிட்டிலோ ஆற்றல் மிக்க ஜெனரேட்டர் எஞ்சினை ஏறத்தாழ ஆயிரம் சுற்றுக்கு ஏற்றிய பிறகே பெட்ரோல் தெளிக்கப்படுகிறது. எஞ்சினோடு சேர்ந்து ஆயில் பம்பும் சுழல்வதால், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே தடிமனுள்ள அந்தப் படலம், உலோகத்தை உலோகத்திலிருந்து விலக்கிப் பிடிக்க அப்போதே ஆயத்தமாகிவிடுகிறது. ஆகவே கிளம்புவதில் உள்ள கேடு குறைவு. சூடு போதாமையே உண்மையான கேடு. பொறியாளர்களும் இதை அறிந்தே இருந்தார்கள்: டொயோட்டாவின் மற்றொரு ஹைபிரிட் காரான பிரியஸின் இரண்டாம் தலைமுறையில் சில நாடுகளுக்குப் போன வண்டிகளில், சூடான கூலண்டை மறுநாள் வரை காத்து வைக்க ஃபிளாஸ்க் போன்ற ஒரு கலன் வைத்தார்கள், மூன்றாம் தலைமுறையில் புகைக்குழாயின் வெப்பத்தைக் கொண்டு கூலண்டைச் சூடாக்கினார்கள்.

இந்த வண்டிக்கு உரியது 0 டபிள்யூ-20 ஆயில். நம் வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் பொருந்தும் என்று கடைக்காரர்கள் அன்போடு சொல்லும் அறிவுரையை நான் ஏற்பதில்லை. வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும், சூடான எஞ்சினின் வெப்பத்தை நிர்ணயிப்பது கூலண்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டே தவிர நம் சூரியன் அன்று. இருபது என்ற எண் 100 டிகிரி செல்சியஸில் ஆயிலின் பாகுநிலை 6.9-க்கும் 9.3-க்கும் இடைப்பட்ட சென்டிஸ்டோக் என்பதைக் குறிக்கிறது; நாற்பது என்றால் 12.5 முதல் 16.3 வரை. முன்னால் நிற்கும் பூஜ்யம் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைச் சொல்வது. உறைபனி காணாத செங்கோட்டைக்கு அது எதற்கு என்று கேட்கலாம். 25 டிகிரியில்கூட எந்த ஆயிலும் சூடான நிலையைக் காட்டிலும் பல மடங்கு கெட்டியாகவே இருக்கும். எஞ்சின் அடிக்கடி ஆறிவிடும் வண்டியில் அந்த வேறுபாடு ஒவ்வொரு நாளும் கணக்கில் சேர்கிறது.

ஆயிலை நாமே மாற்றுவது கடினமன்று. ஆனால் ஹைபிரிட்டில் சத்தம் இல்லை என்பதற்கு அணைந்துவிட்டது என்று பொருளல்ல. டேஷ்போர்டில் 'ரெடி' விளக்கு எரிந்துகொண்டிருந்தால், பேட்டரியின் மின்னிருப்பு குறைந்த கணத்தில் எஞ்சின் தானாகவே கிளம்பிவிடும். அந்தக் கணத்தில் ஆயில் முழுவதும் வடிந்திருந்தால் பேரிங்குகள் பாழாகும், கை உள்ளே இருந்தால் கைக்கும் ஆபத்து. ஆகையால் வண்டியை முழுவதும் அணைத்து, சாவியை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் நான் ஜாக்கியைத் தொடுவேன். சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்து, தூக்கிய வண்டியை ஸ்டாண்டின் மேல் இறக்கிய பிறகே அடியில் புக வேண்டும். ஆரஞ்சு நிற உறையிட்ட கம்பிகளை எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது: 244.8 வோல்ட் பேட்டரியின் மின்னழுத்தம் இன்வெர்ட்டரில் 650 வோல்ட் வரை உயர்த்தப்படுகிறது. இந்த வேலைக்கு அவற்றைத் தொடத் தேவையே இல்லை.

அடியில் படுத்தால் இரண்டு வடிகால் போல்ட்டுகள் கண்ணில் படும். ஒன்று எஞ்சினுடையது, மற்றொன்று மின்மோட்டார்கள் அமர்ந்திருக்கும் கியர்ப்பெட்டியான டிரான்ஸாக்ஸிலுடையது. பின்னதில் உள்ளது வேறு திரவம். மோட்டாரின் செம்புச் சுருள்களைக் குளிர்விப்பதும் அதுவே. தவறி அதை வடித்துவிட்டு எஞ்சினில் புது ஆயிலை ஊற்றினால் இரண்டும் கெடும். எனவே கழற்றும் முன் எது எஞ்சினின் அடித்தட்டு என்பதைக் கையால் தடவி உறுதி செய்துகொள்வது என் வழக்கம். மிதமான சூட்டில் வடித்தால் அழுக்கும் சேர்ந்து இறங்கும்.

இந்த எஞ்சினின் பில்டர் ஒரு மூடிக்குள் அமரும் காகித உருளை. முதல் முறை அந்த மூடியைக் கழற்றியபோது, உள்ளே இருந்த ரப்பர் ஓ-ரிங்கை நகத்தால் நெம்பி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். உருண்டையாக இருக்க வேண்டிய அதன் உடல் சப்பையாகி, மூலைகள் கூர்மையாகி, வளைத்தால் ஒடியும் அளவுக்கு இறுகியிருந்தது. முந்தைய சர்வீஸ்களில் பில்டரை மட்டும் மாற்றி, பழைய ரிங்கையே மீண்டும் மீண்டும் போட்டிருக்கிறார்கள். சில ரூபாய்ப் பொருள்தான். ஆனால் அது கசிந்தால் ஓடும் எஞ்சினின் ஆயில் அழுத்தத்தோடு வெளியேறிச் சாலையில் கொட்டிவிடும். புது ரிங்கில் புது ஆயிலைத் தடவிக் கீழ்ப் பள்ளத்தில் பதித்தேன். பழைய காகிதத்தின் மடிப்புகளைக் கத்தியால் வெட்டி விரித்து, வெயிலில் சாய்த்துப் பார்த்து, உலோகப் பொடி மின்னுகிறதா என்று தேடுவதையும் நான் தவற விடுவதில்லை.

வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையில் இறுக்க வேண்டும். 25 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 16 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம் அது. பில்டர் மூடிக்கு 25 நியூட்டன் மீட்டரே போதும். பில்டரோடு சேர்த்து இந்த எஞ்சின் கொள்வது 4.4 லிட்டர். முதலில் நான்கு லிட்டரை ஊற்றிவிட்டு, டிப்ஸ்டிக்கைப் பார்த்துப் பார்த்து மீதியைச் சேர்ப்பது நல்லது. அளவு மிஞ்சினால் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரைக்க வைத்துவிடும், நுரை எடை தாங்காது.

கசிவைச் சோதிக்க எஞ்சின் ஓட வேண்டும். ஆனால் எஞ்சின் சூடாக இருந்தால் 'ரெடி' போட்டாலும் ஓடாமல் இருந்துவிடக்கூடும். அதற்கென ஒரு பராமரிப்பு நிலை உண்டு: பிரேக்கை மிதிக்காமல் 'ஆன்' நிலையில் வைத்து, 60 வினாடிக்குள் ஆக்சிலரேட்டரை கியர் 'பி'யில் (பார்க்கிங்) இருக்க இரண்டு முறை, 'என்'னில் (நியூட்ரல்) இரண்டு முறை, மீண்டும் 'பி'யில் இரண்டு முறை முழுவதும் மிதித்து, பின்னர் பிரேக்கை அழுத்திக் கிளப்பினால் எஞ்சின் தொடர்ந்து ஓடும். அந்த நிலையிலேயே வண்டியைச் சாலைக்கு எடுத்துச் செல்லக் கூடாது.

கருத்துப் போன நான்கு லிட்டர் ஆயிலைக் கரையான் வராதிருக்க வேலிக் கால்களில் பூசுகிறேன் என்று எங்கள் பக்கத்தில் கேட்பவர்கள் உண்டு, நான் தருவதில்லை. இந்திய அரசின் 2016-ஆம் ஆண்டு கழிவு மேலாண்மை விதிகள் அதை அபாயக் கழிவு என்கின்றன. சாரல் பெய்யும் ஊரில் வேலியில் பூசியது வாய்க்காலுக்கும், வாய்க்காலில் இருந்து வயலுக்கும் போய்விடும். ஆகவே பழைய டப்பாவிலேயே இறுக்கி மூடி, கழிவு ஆயிலை எடுத்துச் செல்பவர்கள் வந்து போகும் ஒரு பட்டறையின் பீப்பாயில் ஊற்றிவிட்டு வருகிறேன். கையேடு கிலோமீட்டர், மாதம் என இரண்டு கெடுக்களைச் சொல்கிறது. எங்கள் வண்டிக்கு மாதக் கெடுவே முதலில் வருவதால், சாரல் ஓய்ந்த புரட்டாசியில் ஆயிலை மாற்றுகிறேன். அதுவரை வாரம் ஒருமுறை புனலூர்ப் பாதையில் முழுச் சூட்டில் ஓட்டி, திரும்பி வந்ததும் அந்த மூடியைத் திறந்து பார்க்கிறேன்.