‘நான்ஸ்’ தற்செயல் எண் அல்ல

மின்கையொப்பம் போடும் நிரல்நூலகங்களின் பாதுகாப்புக் குறைகளைத் தமிழில் எழுதுகிறவர்கள், ஒவ்வொரு கையொப்பத்துக்கும் மறையாக்கத்துக்கும் புதிதாக எடுக்க வேண்டிய எண்ணான ‘நான்ஸ்’ (nonce) வரும் இடமெல்லாம் ‘தற்செயல் எண்’ என்று போட்டுவிடுகிறார்கள். இது ஆபத்தான தவறு.

‘அந்த ஒரு தடவைக்கு’ என்று பொருள்படும் பழைய ஆங்கிலத் தொடரில், முன்சொல்லின் கடைசி ‘ன்’ பின்சொல்லோடு ஒட்டிக்கொண்டதில் பிறந்தது இச்சொல். ஒரு தடவை என்பதே அதன் உயிர்.

தற்செயல் என்றால் யாரும் எண்ணாமல் நேர்ந்தது. பாடநூலில் ‘சமவாய்ப்பு’ இருக்கிறது, இலங்கையில் ‘எழுமாறு’ இருக்கிறது. அவற்றை விட்டு இதை ஏன் பிடிக்க வேண்டும்? அதோடு, எட்25519 என்ற கையொப்ப முறையில் இந்த எண்ணைக் குலுக்கி எடுப்பதே இல்லை. இரகசியச் சாவியிலிருந்தும் செய்தியிலிருந்தும் கணக்கிட்டே பெறுகிறார்கள். ‘தற்செயல்’ என்று படித்தவர் இதைக் குறை என்று நினைத்துத் ‘திருத்த’ப் போனால், இருந்த பாதுகாப்பும் போய்விடும்.

‘ஒருமுறை எண்’ நல்ல சொல்தான், ஆனால் மறையாக்கத்துக்கு மட்டும். ஏஇஎஸ்-ஜிசிஎம் என்ற மறையாக்க முறையில் அந்த 12 பைட் எண் வெளிப்படையாகவே போகலாம். அதே சாவியோடு மீண்டும் வராதிருந்தால் போதும். இசிடிஎஸ்ஏ என்ற கையொப்ப முறையில் அது போதாது. சோனி பிளேஸ்டேஷன் 3-இல் ஒரே எண்ணை ஒவ்வொரு கையொப்பத்துக்கும் போட்டதால், எல்லாவற்றிலும் கையொப்பத்தின் முற்பாதியான ‘ஆர்’ ஒன்றாகவே நின்றது; இரண்டு கையொப்பங்களைக் கழித்து வகுத்தாலே சாவி வெளியே வந்துவிடும். இதை 2010-இல் அம்பலப்படுத்தினார்கள். தொலைவிலுள்ள சர்வருக்குள் நுழைய உதவும் புட்டி (PuTTY) நிரலில் 2024-இல் வெளிப்பட்டது வேறு வகை. 0.68 முதல் 0.80 வரையிலான பதிப்புகள் 521 பிட் நீளமுள்ள பி-521 வகைச் சாவிக்கு 512 பிட் ஹாஷிலிருந்து (தரவைக் கணக்கிட்டுச் சுருக்கிய எண்) எண்ணை எடுத்தன. அதனால் மேல் 9 பிட் எப்போதும் சுழியம். எண் திரும்ப வரவில்லை, ‘ஒருமுறை’ காப்பாற்றப்பட்டது. ஆனாலும் ஏறக்குறைய 60 கையொப்பங்கள் கிடைத்தால் சாவியைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு பகுதி தெரிந்தாலே முழுதும் போய்விடுகிற எண்ணுக்குப் பெயரிலேயே இரகசியம் இருக்க வேண்டும்: ஒருமுறை இரகசிய எண்.

‘மறையெண்’ நறுக்கென்றுதான் இருக்கிறது. இலங்கைக் கணிதத்தில் அது சுழியத்துக்குக் கீழான எண். ‘கமுக்க எண்’ தூய்மை விரும்பிகளின் பரிந்துரை. தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் வார இறுதி வகுப்பில் தமிழ் கற்றவர் கமுக்கத்துக்கு அகராதி தேட வேண்டும். இரகசியம் அவர் காதில் விழுந்த சொல். அது வடசொல் என்பதற்காக அவரைத் தவிக்கவிடக் கூடாது.

மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லோடு வழிமுறையையும் குறைக்கிறார்கள். ‘புட்டி 0.81-க்கு மாறுங்கள்’ என்பது பாதிதான். பழைய பி-521 சாவியின் பொதுப்பாதியை ஒவ்வொரு சர்வரின் அனுமதிப் பட்டியலிலிருந்தும் நீக்கிவிட்டுப் புதுச் சாவி செய்ய வேண்டும். ஏற்கெனவே போட்ட கையொப்பங்களைப் புதிய பதிப்பு திரும்பப் பெறாது.