காற்று எதிர்த்திசையில் வீசினாலும் புகை ஊருக்குள் வருவது எப்படி?

“ஆண்டு முழுவதும் காற்று நகரத்திலிருந்து தொழிற்பேட்டைப் பக்கமாகத்தான் வீசுகிறது. அப்படியிருக்க, இரவிலும் காலையிலும் எங்கள் தெருவில் ஏன் புகை நாறுகிறது?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். புறநகரில் ஆலைகளுக்கு இடம் குறிப்பவர்கள் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

அவர்கள் வழக்கமாகப் பார்ப்பது விண்ட் ரோஸ் என்ற வரைபடத்தை. எந்தத் திசையிலிருந்து எவ்வளவு நேரம், என்ன வேகத்தில் காற்று வந்தது என்பதை அது இதழ் இதழாகக் காட்டும். நீளமான இதழுக்கு எதிர்ப்பக்கத்தில் ஆலைகளை வைத்துவிடுவார்கள். பகலுக்கு இந்தக் கணக்கு சரி. தரை சூடேறிக் காற்று மேலெழும். புகையும் அதோடு கலைந்துவிடும்.

மேகமில்லாத, காற்றடங்கிய இரவில் கதை மாறுகிறது. தரை வெப்பத்தை இழந்து, தன்னை ஒட்டிய காற்றையும் குளிரவைக்கிறது. கனமான குளிர்காற்று கீழே, வெதுவெதுப்பான காற்று மேலே. வெப்பத் தலைகீழ் மாற்றம் என்று படித்திருப்போம். பானைக்கு மூடி போட்டதுபோல் புகை அடியிலேயே தங்கிவிடும். 1948 அக்டோபரில் அமெரிக்காவின் டொனோராவில் அந்த மூடி சில நாட்கள் விலகவில்லை. துத்தநாக ஆலையும் எஃகு ஆலையும் கக்கிய புகையில் 20 பேர் இறந்தார்கள்.

இனிதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. நகரம் வெட்டவெளியைப்போல் சீக்கிரம் குளிர்வதில்லை. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட்டும் தாரும் இரவில் அதை மெல்லக் கக்குகின்றன. நகரம் சுற்றுப்புறத்தைவிட இரவில் சூடாக இருப்பதை ஆங்கிலேய வானிலை ஆய்வாளர் லூக் ஹோவர்ட் லண்டனில் அளந்து பார்த்து, 1818இலேயே எழுதிவிட்டார். நகரத்தின் நடுவே சூடான காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பப் புறநகர்க் காற்று தரையோடு தரையாக உள்ளே ஊர்ந்து வருகிறது. கடற்காற்று வீசும் அதே விதிதான். கடலின் இடத்தில் புறநகர். ஒரே வேறுபாடு, இது நாலாபக்கமிருந்தும் வரும்! ஆலையை எந்த மூலைக்குத் தள்ளினாலும் அந்த மூலையிலிருந்தும் நகரம் மூச்சை இழுக்கும். இந்த ஊர்தல் மிக மெதுவானது என்பதால் சாதாரணக் காற்றுமானி அதைப் பெரும்பாலும் ‘அமைதி’ என்றே பதிவுசெய்யும். விண்ட் ரோஸில் அமைதிக்கு இதழே கிடையாது.

உயரமான புகைபோக்கி கட்டினால் போதாதா? மூடிக்கு மேலே நீண்டால் தப்பிக்கலாம். உள்ளேயே நின்றுவிட்டால் புகை நாடாபோல இரவெல்லாம் மிதக்கும். விடிந்து தரை சூடேறும்போது, காற்று கலக்கும் அடுக்கு கீழிருந்து வளர்ந்து அந்த நாடாவைத் தொடும். தொட்டதும் மொத்தப் புகையையும் தரைக்கு இறக்கிவிடும். வாசகரின் காலை நேரத்து நாற்றத்துக்கு என் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

இவற்றை முன்கூட்டியே அறிய ஒரு கம்பம், வெவ்வேறு உயரங்களில் வெப்பமானிகள், மெல்லிய காற்றையும் உணரும் ஒரு கருவி, ஓர் ஆண்டுப் பொறுமை போதும். நிலம் வாங்கும் செலவில் இது ஒரு தூசு. ஆனாலும் அளவீடு என்றவுடன் கோப்பு நகர மறுக்கிறது. எவர் கண்ணிலும் படாது என்று நள்ளிரவில் புகையைத் திறந்துவிடும் ஆலைகளோ, இருக்கிற 24 மணி நேரத்தில் ஆக மோசமானதைத் தேடிப் பிடித்துக்கொள்கின்றன.