ரயில் கப்பலில் ஏறவில்லை

தக்கலையில் எங்கள் பாட்டாவின் தகரப் பெட்டி இன்னும் பரணில் கிடக்கிறது. கொழும்புக்குப் போய்வந்த பெட்டி. "ரயிலே கப்பலில் ஏறிக் கடல் தாண்டிற்று" என்று அவர் சொல்லி, நாங்கள் வாய் பிளந்து கேட்டிருக்கிறோம். குமரி மாவட்டத்துக்கு ரயில் வந்ததே 1979இல்தான். அதற்கு முன் திருநெல்வேலிவரை பஸ். பிறகு மதுரை, மானாமதுரை வழியாக ராமேஸ்வரம் தீவு. 1914இல் திறந்த பாம்பன் பாலத்தைக் கடந்து தனுஷ்கோடி போனால் அங்கே கப்பல். சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே டிக்கெட். அந்த ரயிலுக்கு இருந்த போட் மெயில் என்ற பெயரே பாட்டாவின் கதைக்குச் சாட்சி போலத்தான் ஒலிக்கும்.

ரயிலைக் கப்பலில் ஏற்றுவது நடக்காத காரியமல்ல. இத்தாலியின் மெஸ்ஸினா நீரிணையில் இன்றும் ஏற்றுகிறார்கள். கப்பல் தளத்தில் தண்டவாளம், கரையில் கீல் வைத்த இணைப்புப் பாலம். பெட்டிகளைப் பிரித்து உள்ளே தள்ளி, சங்கிலியால் இறுக்கிவிடுவார்கள்.

சிக்கல் எடையில் இருக்கிறது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகில் கவனித்திருப்பீர்கள். வள்ளுவர் சிலையைப் படமெடுக்க எல்லோரும் ஒரே ஓரத்துக்கு நகர்ந்தால் படகு அந்தப் பக்கம் தாழும்; ஊழியர் அதட்டுவார். ஒரு ரயில் பெட்டி 40 டன் என்றால், அறுநூறு பேர் ஒரே ஓரத்தில் போய் நின்றதற்குச் சமம். அதனால் நடுத் தண்டவாளத்தை முதலில் நிரப்பி, பிறகு இடமும் வலமும் மாற்றி மாற்றி ஏற்றுவார்கள். அப்படியும் சாய்ந்தால், தாழ்ந்த பக்கத் தொட்டியிலிருந்து எதிர்ப்பக்கத் தொட்டிக்குக் கடல்நீரை இறைத்துச் சமன்செய்வார்கள். கடல் ஏறி இறங்கினால் இணைப்புப் பாலமும் செங்குத்தாகிவிடும். ரயில் சக்கரம் அந்தச் சரிவில் ஏறாது. ஓதம் பல மீட்டர் ஏறும் இங்கிலாந்தின் டோவரில், 1936இல் கதவு போட்ட தனித் துறையே கட்டி, பம்பு வைத்து நீர்மட்டத்தைச் சரிசெய்தார்கள்.

நம் பக்கத்தில் ஓதம் அவ்வளவு இல்லை. குறுக்கே நின்றது தண்டவாளத்தின் அகலம். தனுஷ்கோடிக்கு வந்தது மீட்டர் கேஜ், 1000 மில்லிமீட்டர். இலங்கைக் கரையில், தலைமன்னாரில் காத்திருந்தது அகலப் பாதை, 1676. ரயில் சக்கரத்தின் உள்பக்கம் துருத்திய விளிம்புதான் அதைத் தண்டவாளத்தில் பிடித்துவைக்கிறது. இரண்டு சக்கரங்களுக்கும் இடையிலுள்ள தூரம் அச்சில் இறுகிப்போனது. 676 மில்லிமீட்டர் கூடுதல் அகலத்தை எப்படி எட்டிப் பிடிக்கும்? துறையிலேயே பெட்டியைத் தூக்கி அடிச்சக்கரங்களை மாற்றலாம். ஆனால் முப்பது கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் கடலுக்காக அதெல்லாம் எதற்கு? பயணி இறங்கி நடப்பது மலிவு. அப்படித்தான் செய்தார்கள்: கப்பல்துறையில் ரயில் நிற்கும், ஆள் கப்பலேறுவார், மறுகரையில் வேறு ரயில்.

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து ஓடி, இலங்கையில் போர் மூண்ட எண்பதுகளில் நின்றுபோனது.

பாட்டா சொன்ன இன்னொரு கதை இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. தலைமன்னார் துறையில் சுமைகூலிப் பேரம் படியாமல், இந்தத் தகரப் பெட்டியைத் தாமே தலையில் வைத்துக்கொண்டு இறங்கினாராம். ரயிலோடு கப்பலேறியவருக்குச் சுமைகூலி எதற்கு என்று அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.