மவுத்பீஸைக் கொதிநீரில் போடாதீர்கள்

கிளாரினெட், சாக்ஸபோன் பழுது பார்ப்பது என் தொழில். போன மாதம் ஒரு பையனும் அவன் அப்பாவும் கடைக்கு வந்தார்கள். கறுப்பாக இருக்க வேண்டிய மவுத்பீஸ், அதாவது வாயில் வைத்து ஊதும் பகுதி, பாசி பிடித்த மாதிரி பச்சையும் பழுப்புமாக இருந்தது, மூக்கருகே கொண்டுபோனால் கந்தக நெடி. "கிருமி சாகட்டும்னு கொதிக்கிற தண்ணியில போட்டேங்க" என்றார் அப்பா. பால் பாட்டிலுக்குச் செய்வதைத்தான் செய்திருக்கிறார், அவர்மேல் குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் நல்ல மவுத்பீஸ்கள் பெரும்பாலும் எபோனைட், அதாவது ரப்பரில் கந்தகம் சேர்த்து இறுக வைத்தது. சூடு பட்டால் நிறம் போவதோடு வடிவமும் கோணலாம். ஊதும்போது அதிரும் மெல்லிய நாணல் பட்டைதான் ரீட்; அதன் நுனிக்கும் மவுத்பீஸ் நுனிக்கும் நடுவே கிளாரினெட்டில் இருப்பதே ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் இடைவெளி, அதில் துளி மாறினாலும் நாதம் கெட்டுக் கீச்சிட ஆரம்பித்துவிடும். அந்தப் பையனுக்குப் புதிதுதான் வாங்க வேண்டியிருந்தது.

சோப்பு ஒரு சொட்டு, பச்சைத் தண்ணீர், மெல்லிய துணி. வாரம் ஒருமுறை இது போதும். கிளாரினெட் மவுத்பீஸ் என்றால் அடியில் குழலோடு பொருந்தும் இடத்தில் சுற்றியிருக்கும் கார்க் மட்டும் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே வெள்ளையாகச் சொரசொரவென்று ஒட்டியிருக்கிறதே, அது எச்சிலில் இருக்கும் கால்சியம், பல்லில் காரை படிகிற மாதிரிதான். அதை நகத்தாலோ பேனாக்கத்தியாலோ சுரண்டிக் கீறலோடு கொண்டுவருபவர்கள் நிறையப் பேர். வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, பஞ்சுக்குச்சியில் நனைத்து அந்த இடத்தில் மட்டும் கொஞ்ச நேரம் வைத்தால் தானாக இளகும், அப்புறம் கழுவிவிடுங்கள். குழலுக்குள் இழுக்கும் துணியை இதற்குள் இழுக்க வேண்டாம், கயிற்று நுனியில் இருக்கும் குண்டு விளிம்பில் தட்டித் தட்டியே சேதமாக்கிவிடும்.

நான் அதிகம் பார்க்கும் தப்பு வேறு. கச்சேரியோ கல்யாண ஊர்வலமோ முடிந்த அசதியில் ரீடைக்கூடக் கழற்றாமல் மூடி போட்டுப் பெட்டியில் பூட்டிவிடுகிறார்கள், அதுவும் வெற்றிலை போட்ட வாயோடு வாசித்துவிட்டு. ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கிறது, அதையே மறுநாள் வாயில் வைக்கிறோம். தயவுசெய்து ரீடைக் கழற்றித் துடைத்து அதன் உறையில் வையுங்கள், மவுத்பீஸையும் துடைத்துக் காயவிடுங்கள், வாசிக்கும் முன் வாயைக் கொப்பளியுங்கள். பேண்டு செட்டில் ஒரே மவுத்பீஸை மூன்று பேர் மாற்றி மாற்றி ஊதுவதையும் விடுங்கள். கருவி பொதுவாக இருக்கட்டும், மவுத்பீஸும் ரீடும் அவரவருக்குத் தனி.

சரி, ஏற்கெனவே பச்சையாகிவிட்டதென்றால்? உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கறுப்பாக்கித் தரச் சொல்கிறார்கள். நான் செய்வதில்லை, தேய்த்தால் அந்த 1 மில்லிமீட்டர் கணக்கு போய்விடும். நாதம் நன்றாக இருந்தால் பச்சையோடே வாசியுங்கள்.