நாலு கோர் ஏன் ரெண்டு கோர்கிட்ட தோத்துப்போகுது?

போன வாரம் ஒருத்தர் கேட்ட கேள்வி இது. (கோர்ங்கிறது ப்ராசசருக்குள்ள தனியா வேலை செய்யுற ஒரு பிரிவு.) அவர்கிட்ட இருக்குறது பென்டியம் என்3710 ப்ராசசர் போட்ட லேப்டாப், அவர் தங்கச்சிகிட்ட இருக்குறது அதைவிட ஒரு வருஷம் பழசான கோர் ஐ3-5005யூ. ரெண்டுலயும் 4 ஜிபி ரேம், ரெண்டுலயும் ஒரே பிரவுசர். "என்னோடதுல நாலு கோர், 2.56 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகும்னு போட்டிருக்கான். அவளோடது வெறும் ரெண்டு கோர், 2.0 தான், தேவைன்னா வேகத்தைக் கூட்டிக்கிற டர்போகூட கிடையாது. ஆனா படம் நிறைய இருக்குற பக்கம் எதையாவது திறந்தா என்னோடது திணறுது, அவளோடது சும்மா வழுக்கிட்டுப் போகுது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாத்தா என் சிபியு 27 சதவீதம்தான் வேலை செய்யுதுன்னு காட்டுது. மீதி 73 சதவீதம் எங்க போச்சு?"

அந்தக் கடைசிக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. பதில் ரெண்டு அடுக்கா இருக்கு, மேல் அடுக்கு பலபேருக்குத் தெரிஞ்சது, கீழ் அடுக்குலதான் சுவாரசியமே.

மேல் அடுக்கை வேகமா முடிச்சிடுவோம். நாலு கோர்ல ஒண்ணு மட்டும் முழு மூச்சா ஓடி மத்த மூணும் சும்மா உக்காந்திருந்தா மொத்தக் கணக்கு 25 சதவீதம்தான் வரும், மேல இருக்குற 2 சில்லறை வேலை. அதாவது அவரோட சிபியு ஓய்வா ஒண்ணும் இல்ல, ஒரு கோருக்கு நாக்கு தள்ளுது, மத்ததெல்லாம் வேடிக்கை பாக்குது. ஒரு வெப் பக்கத்தோட ஜாவாஸ்கிரிப்ட் பெரும்பாலும் ஒரே த்ரெட்ல, அதாவது ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா ஒரே வரிசையில, ஓடுற சமாச்சாரம், பக்கத்துல ஆள் இருந்தாலும் பங்கு போட்டுக் குடுக்க முடியாது. கம்ப்யூட்டர் டிசைனர் ஜீன் ஆம்டால் இந்தக் கணக்கை 1967லயே சொல்லிட்டாரு. பாதி வேலையைப் பங்கு போடலாம், பாதியைப் போட முடியாதுன்னு வைங்க, ரெண்டு கோர் போட்டா 1.33 மடங்கு வேகம், நாலு கோர் போட்டா 1.6 மடங்கு. ரெண்டை நாலாக்குனதுக்குக் கிடைச்சது வெறும் 20 சதவீதம். அப்ப ஒத்தைக்கு ஒத்தை எந்தக் கோர் பலசாலிங்கிறதுதான் உண்மையான போட்டி.

சரி, ஒத்தைக்கு ஒத்தை பாத்தா 2.56 கிகாஹெர்ட்ஸ்தானே ஜெயிக்கணும்? இங்கதான் கீழ் அடுக்கு ஆரம்பிக்குது.

ரெண்டுமே இன்டெல், ரெண்டுமே 14 நானோமீட்டர்ல செஞ்சது, அதனால டிரான்சிஸ்டர் மேல பழி போட முடியாது. வித்தியாசம் முழுக்க டிசைன்ல இருக்கு. பென்டியம்ங்கிற பேரு 1993ல வந்தப்ப அதுதான் உச்சாணிக் கொம்பு, ஆனா இந்த என்3710ல பேரு மட்டும்தான் பென்டியம், உள்ள இருக்குறது இன்டெலோட கம்மி கரன்ட் சிப்பான ஆட்டம் (Atom) வம்சத்துல வந்த ஏர்மான்ட் கோர். ஐ3ல இருக்குறது பிராட்வெல் கோர். ஏர்மான்ட் ஒரு க்ளாக் துடிப்புக்கு (1 கிகாஹெர்ட்ஸ்னா செகண்டுக்கு 100 கோடி துடிப்பு) ரெண்டு கட்டளையைப் பிரிச்சு உள்ள அனுப்பும், பிராட்வெல் நாலு. இதை மட்டும் வச்சே பலபேர் கதையை முடிச்சிடுவாங்க. எனக்கு அதைவிடப் பெரிய விஷயம்னு படுறது காத்திருக்குற நேரத்தை ரெண்டும் எப்படிக் கையாளுதுங்கிறதுதான்.

ஒரு பரீட்சை ஹாலைக் கற்பனை பண்ணிக்கங்க. கேள்வித்தாள் ரொம்ப நீளம், அதுமேல ஒரு அட்டையை வச்சு மூடியிருக்காங்க, அட்டையில ஒரு ஓட்டை இருக்கு, அந்த ஓட்டை வழியா தெரியுற கேள்விகளை மட்டும்தான் நீங்க படிக்கலாம். எந்தக் கேள்வியை முதல்ல போடணும்னு உங்க இஷ்டம், ஆனா விடையை வாங்குற வாத்தியார் 1, 2, 3ன்னு வரிசையாத்தான் வாங்குவாரு. மேல இருக்குற கேள்வியோட விடையைக் குடுத்தாத்தான் அட்டை ஒரு வரி கீழ நகரும். சில கேள்விக்கு விடை உங்க தலையில இருக்கும். சிலதுக்கு லைப்ரரிக்கு ஆள் அனுப்பி ஒரு புத்தகத்தை எடுத்துட்டு வரச் சொல்லணும், அவர் போய்ட்டு வர நேரமாகும்.

ப்ராசசருக்கு அந்தக் கேள்விகள்தான் கட்டளை, லைப்ரரிதான் ரேம். கேஷ்ல (ப்ராசசருக்குள்ளயே இருக்குற சின்ன, வேகமான நினைவகம்) இல்லாத ஒரு டேட்டா வேணும்னா ரேம் வரைக்கும் போய் வரணும், அதுக்கு சுமார் 80 நானோ செகண்ட்னு வச்சுக்குவோம். 2.0 கிகாஹெர்ட்ஸ்ல அது 160 துடிப்பு. 2.56ல அதே 80 நானோ செகண்ட் 205 துடிப்பு. பாத்தீங்களா, ரேம் பதில் சொல்ற நேரம் மாறலை, க்ளாக்கை ஏத்துனதுல வீணாப்போற துடிப்போட எண்ணிக்கைதான் கூடியிருக்கு.

இப்ப ஓட்டையோட நீளம். ஏர்மான்ட்ல அது 32 கட்டளை, பிராட்வெல்ல 192. ரீஆர்டர் பஃபர்னு சொல்றது இதைத்தான், எண்ணுற கணக்கு டிசைனுக்கு டிசைன் கொஞ்சம் மாறும், ஆனாலும் ஆறு மடங்கு வித்தியாசம் சாதாரணமில்ல.

சின்ன ஓட்டைக்காரனோட நிலைமையைப் பாருங்க. முதல் கேள்விக்கு ஆள் லைப்ரரிக்குப் போயாச்சு. மீதி 31 கேள்வியில முடிஞ்சதையெல்லாம் துடிப்புக்கு ரெண்டா போட்டாலும் 16 துடிப்புல தீந்துடும், அதுக்கப்புறம் ஆள் திரும்பி வர்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உக்காரணும். பெரிய ஓட்டைக்காரன் 192ஐயும் துடிப்புக்கு நாலா போட்டா 48 துடிப்புல அவனுக்கும் தீந்துடும், அவனும் நூத்துச்சொச்சம் துடிப்பு சும்மாதான் இருப்பான். அப்ப பெருசா என்ன லாபம்? நான் முதல்முதலா இதைக் கணக்குப் போட்டப்ப எனக்கும் அதே சந்தேகம் வந்துச்சு, எங்கயோ தப்பாப் போட்டுட்டோம்னே நெனச்சேன்.

லாபம் வேற இடத்துல இருக்கு. அந்த 192 கேள்விக்குள்ள லைப்ரரிக்கு ஆள் அனுப்ப வேண்டிய இன்னும் ரெண்டு மூணு கேள்வி அவன் கண்ணுல பட்டிருக்கும், அவங்களையும் அப்பவே அனுப்பியிருப்பான். 50 கட்டளைக்கு ஒரு தடவை ரேமுக்குப் போக வேண்டியிருக்குன்னு வைங்க, 1, 51, 101, 151ன்னு. சின்ன ஓட்டையில ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான் தெரியும், ஒரு ஆள் திரும்பி வந்தப்புறம்தான் அடுத்த ஆள் கிளம்புவாரு, நாலு தடவைக்கு 320 நானோ செகண்ட். பெரிய ஓட்டையில நாலும் ஒரே சமயத்துல தெரியுது, நாலு பேரும் கிட்டத்தட்ட ஒண்ணாக் கிளம்பி ஒண்ணாத் திரும்பி வர்றாங்க, நாலு காத்திருப்பும் ஒண்ணுமேல ஒண்ணு படிஞ்சு ஏறக்குறைய 80லயே முடிஞ்சிடுது. ஐ3 காத்திருக்காம இல்ல, நாலு தடவை காத்திருக்க வேண்டியதை ஒரே தடவையில காத்திருந்து முடிச்சிடுது, அவ்வளவுதான். இதை நெனச்சா எனக்கு இப்பவும் சிரிப்பு வரும், சோம்பேறித்தனத்தைக்கூட ஒழுங்கா அடுக்கி வச்சா வேகமாயிடுது.

எப்பவும் இப்படி நடக்காது, அதையும் சொல்லணும். முதல் புத்தகத்தைத் திறந்து பாத்தாத்தான் ரெண்டாவது புத்தகம் எதுன்னே தெரியும்னா எவ்வளவு பெரிய ஓட்டை இருந்தும் பிரயோஜனமில்ல, அங்க ரெண்டு சிப்பும் ஒரே மாதிரி முழிக்கும். அதோட பிராட்வெல்லுக்கு இன்னொரு சௌகரியம், லைப்ரரிக்குப் போற வேலையே கொஞ்சம் குறைவு, 3 எம்பி எல்3, அதாவது மூணாவது அடுக்கு கேஷ், இருக்கு. என்3710ல எல்3யே கிடையாது, 2 எம்பி எல்2ன்னு போட்டிருந்தாலும் அது ரெண்டு கோருக்கு 1 எம்பின்னு பிரிஞ்சு கிடக்கு, ஒத்தை ஆளா ஓடுற வேலைக்கு 1 எம்பிதான் கைக்கு எட்டும்.

வரிசையை மாத்தி வேலை பாக்குற இந்த யோசனை ஒண்ணும் புதுசில்ல. ஐபிஎம்ல ராபர்ட் டொமாசுலோ 1967ல வெளியிட்டது, சிஸ்டம்/360 மாடல் 91ங்கிற ராட்சச மெஷினோட மிதவைப் புள்ளிக் (ஃப்ளோட்டிங் பாயின்ட்) கணக்குப் பிரிவுக்காக. ஆனா அதுல வரிசையா விடை வாங்குற வாத்தியார் இல்ல, அதனால நடுவுல ஏதாவது தப்பு நடந்தா எந்தக் கட்டளையில நடந்துச்சுன்னு துல்லியமாச் சொல்ல முடியாது. ஸ்மித், பிளெஸ்குன்னு ரெண்டு பேர் 1985ல ரீஆர்டர் பஃபரை வச்சு அதைச் சரிபண்ற வழியைச் சொன்னாங்க. 1995ல பென்டியம் ப்ரோ வந்தப்பதான் பிசியில போடுற இன்டெலோட எக்ஸ்86 வகை சிப்புக்குள்ள இது நுழைஞ்சுது. 28 வருஷம்! "இந்த ஆராய்ச்சியால மூணு வருஷத்துல என்ன பலன்"னு படிவத்துல கட்டம் போட்டுக் கேக்குற ஆளுங்க 1967ல இருந்திருந்தா டொமாசுலோ என்ன எழுதியிருப்பாருன்னு அப்பப்ப யோசிப்பேன். இன்னொரு வேடிக்கை, பென்டியம் ப்ரோவோட ஓட்டை 40. 2016ல வந்த நம்ம என்3710க்கு 32.

அதுக்காக ஏர்மான்டை மட்டம் தட்டுறேன்னு நெனச்சுடாதீங்க. ஓட்டையைப் பெருசாக்குனா ஒவ்வொரு துடிப்புலயும் காத்திருக்குற கட்டளைகளையெல்லாம் "உனக்கு வேண்டியது வந்துருச்சா, உனக்கு வந்துருச்சா"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கணும், அதுக்குக் கரன்ட் செலவாகும், சூடாகும். ஐ3 15 வாட் சிப், என்3710 6 வாட். அதனாலதான் பென்டியத்தை ஃபேன் இல்லாமலே லேப்டாப்ல வைக்க முடிஞ்சுது, சத்தமில்ல, தூசி அடைக்காது. வேணும்னே சின்னதா வச்ச ஓட்டை அது. ஆட்டம் வம்சத்தோட முதல் தலைமுறைக்கு, 2008ல வந்ததுக்கு, வரிசை மாத்துற வசதியே கிடையாது, எல்லாம் வந்த வரிசையிலதான். 2018 ஜனவரியில ஸ்பெக்டர், மெல்ட்டவுன்னு பாதுகாப்பு ஓட்டைகள் வெளிய வந்து உலகமே அலறுச்சு இல்லையா, முன்னாடியே எட்டிப் பாத்து வேலையைத் தொடங்குற பழக்கத்தால வந்த வினைதான் அது, அப்ப அந்தப் பழைய ஆட்டம் சிப்பு எதுவும் நடக்காத மாதிரி உக்காந்திருந்துச்சு.

கிகாஹெர்ட்ஸையும் கோரையும் பாத்து வாங்குறது என்னைப் பொறுத்தவரை பேருக்கு எழுத்து கூட்டிப் பாக்குற எண் ஜோசியம் மாதிரிதான், ரெண்டுலயும் நம்பர் இருக்கு, கூட்டலும் சரியா இருக்கும், ஆனா கூட்டி வந்த நம்பருக்கும் நடக்குறதுக்கும் சம்பந்தம் இருக்காது. அந்த 2.56ம் உச்சத்துல தொடுறதுதான், அடிப்படை வேகம் 1.6, நாலு கோரும் ஒண்ணா உழைச்சு உள்ள சூடேறுச்சுன்னா அந்த உச்சத்துல நிக்காது. ஐ3 ஏறவும் செய்யாது இறங்குறதும் அபூர்வம், 2.0ன்னா 2.0.

அப்ப ரெண்டுல எது வாங்கலாம்? விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ல முடிஞ்சுபோச்சு, விண்டோஸ் 11க்கான பட்டியல்ல இந்த ரெண்டுமே கிடையாது, அதனால ரெண்டாவது கைக்கு இந்த மாதிரி மெஷின் நிறைய வருது, லினக்ஸ் போட்டு ஓட்டலாம்னு நெனக்கிறவங்க யோசிக்காம ஐ3யை எடுக்கலாம். வீடியோவை வேற ஃபார்மட்டுக்கு மாத்துறது மாதிரி நாலு பேருக்கும் சமமாப் பிரிக்கிற வேலையில பென்டியம் கொஞ்சம் நெருங்கி வரும், ஆனா ஐ3யோட ரெண்டு கோரும் ஹைப்பர் த்ரெடிங்ல நாலு த்ரெட் ஓட்டும், ஒரு த்ரெட் ரேமுக்காகக் காத்திருக்குற நேரத்துல இன்னொண்ணு அந்த இடத்துல புகுந்து வேலை பாக்கும், அதனால அங்கயும் முந்துறது கஷ்டம். பென்டியம் உண்மையிலேயே ஜெயிக்கிற இடம் ஒண்ணு இருக்கு, 8 பிட் ஹெச்265 முறையில சுருக்குன வீடியோவை முழுக்க ஹார்டுவேர்லயே பிரிச்சுக் காட்டும், பிராட்வெல் அதைப் பாதி சிபியு தலையில கட்டும். டிவிக்குப் பின்னாடி சத்தமில்லாம வீடியோ ஓட்டுறதுக்கு ஒரு பெட்டி வேணும்னா என்3710 நல்லாவே உழைக்கும்.

ரெண்டுமே போர்டுல சால்டர் பண்ண சிப்பு, கழட்டி மாத்த முடியாது. மாத்த முடிஞ்சது டிஸ்க்கை. உள்ள பழைய ஹார்டு டிஸ்க் இருந்தா ஒரு தடவை தேடிப் படிக்க 10 மில்லி செகண்ட் ஆகும்னு வைங்க, 2 கிகாஹெர்ட்ஸ்ல அது ரெண்டு கோடி துடிப்பு, 192 இல்ல 1920 கட்டளைக்கு ஓட்டை வச்சாலும் அதை மறைக்க முடியாது. சாட்டா எஸ்எஸ்டி போட்டா அது ரெண்டு லட்சத்துக்குப் பக்கத்துல வந்துடும். என்3710 போட்ட லேப்டாப்ல பலதுல டிஸ்க்குக்குப் பதிலா இஎம்எம்சிங்கிற ஸ்டோரேஜ் சிப்பைத்தான் ஒட்டி வச்சிருப்பாங்க, ரேமும் போர்டோட ஒட்டியிருக்கும், வாங்குறதுக்கு முன்னாடி பின்மூடியைக் கழட்டி உள்ள 2.5 இஞ்ச் இடம் இருக்கா, ரேம் ஸ்லாட் இருக்கான்னு பாத்துடுங்க.

கேள்வி கேட்டவருக்கு நான் சொன்னது, தங்கச்சியோட லேப்டாப்புக்கு ஒரு எஸ்எஸ்டியும் இன்னொரு 4 ஜிபி ரேமும் வாங்கிக் குடுத்துட்டு உங்களோடதோட மாத்திக்கிறியான்னு கேட்டுப் பாருங்கன்னு. மாத்திக்க மாட்டேன்னுட்டாங்களாம், எஸ்எஸ்டியை மட்டும் வாங்கி வச்சுக்கிட்டாங்க.