கடைசிப் பாஸ்பேட்டைக் கழற்றும் நொதி: சிடி73

செல்லின் ஆற்றல் மூலக்கூறான அடினோசின் டிரைபாஸ்பேட், மூன்று பாஸ்பேட்டுகள் கொண்டது; செல்லுக்குள் மில்லிமோலார் அளவில் நிறைந்திருக்கும். வெளியே நேனோமோலார் அளவில்தான் இருக்கும். செல் கிழிந்தாலோ, ஆக்சிஜன் இல்லாமல் திணறினாலோ அது வெளியே கொட்டும். நோய் எதிர்ப்புச் செல்கள் அதை ஆபத்தாக எடுத்துக்கொண்டு அழற்சியைத் தூண்டும். அதன் மூன்று பாஸ்பேட்டுகளையும் கழற்றிவிட்டால் மிஞ்சும் அடினோசினோ அழற்சியை அடக்கும்.

பெரும்பாலும் சிடி39 என்ற நொதி முதல் இரண்டு பாஸ்பேட்டுகளை நீக்கி, ஒன்று மட்டும் மிஞ்சிய மோனோபாஸ்பேட்டாக்குகிறது. கடைசி ஒன்றை எடுப்பது சிடி73. இரண்டு ஒத்த அலகுகள் இணைந்த இந்த நொதி, கொழுப்பு நங்கூரம் ஒன்றால் செல் சவ்வின் வெளிப்பக்கத்தில் பிணைந்திருக்கிறது. ஒவ்வோர் அலகின் ஒரு பாதி இரண்டு துத்தநாக அயனிகளைத் தாங்குகிறது; மறுபாதி மோனோபாஸ்பேட்டைப் பற்றுகிறது. இரு பாதிகளும் கீல் போல மடங்கி நெருங்கும்போதுதான் வெட்டு நடக்கும்.

இரண்டு பாஸ்பேட்டுகள் மிஞ்சிய இடைநிலையான டைபாஸ்பேட்டும், மோனோபாஸ்பேட்டைப் பற்றும் அதே பள்ளத்தில் வந்து அமரும். ஆனால் அதை இந்த நொதியால் வெட்ட முடியாது. அது இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே சிடி39 தன் வேலையைப் பெருமளவு முடிக்கும்வரை அடினோசின் உருவாவது தாமதப்படுகிறது. எச்சரிக்கை முதலில், அமைதி பிறகு என்ற வரிசை இந்தத் தடையால்தான் கிடைக்கிறது. சிடி73-இன் இயக்கத்தில் மிக நேர்த்தியான பகுதி இதுவே.

உருவான அடினோசின் ஏ1, ஏ2ஏ, ஏ2பி, ஏ3 என்ற நான்கு ஏற்பிகளில் பிணைகிறது. நோய் எதிர்ப்புச் செல்களில் ஒன்றான டி செல்லின் ஏ2ஏ ஏற்பியில் பிணைந்தால் உள்ளே சுழல் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறு உயர்ந்து, டி செல்லின் தாக்கும் வேகம் குறைகிறது. இரத்தத்தில் அடினோசின் சில நொடிகளே நிலைக்கும்: செல்கள் அதை உறிஞ்சிக்கொள்ளும், அல்லது அடினோசின் டிஅமினேஸ் என்ற நொதி இனோசினாக மாற்றிவிடும். அதனால் சிடி73 எங்கே இருக்கிறதோ அதைச் சுற்றித்தான் விளைவும் இருக்கும். ஆக்சிஜன் குறைந்த புற்றுக்கட்டிகளில் இந்த நொதி பெருகி, டி செல்களை அங்கேயே முடக்குகிறது. ஓலெக்ளூமாப் போன்ற எதிர்ப்பொருள் மருந்துகள் இந்த நொதியைத் தடுக்க உருவாக்கப்பட்டவை.

நொதியே இல்லாவிட்டாலும் கேடுதான். இதன் மரபணுவான என்டி5இ பழுதடைந்தவர்களுக்குக் கால் தமனிகளிலும் கை, கால் மூட்டுகளைச் சுற்றியும் கால்சியம் படிவதை 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. அடினோசின் குறைந்தால் அல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற வேறொரு நொதி அதிகரிக்கிறது. கால்சியப் படிவைத் தடுக்கும் பைரோபாஸ்பேட்டை அது சிதைத்துவிடுகிறது.

ஆய்வகத்தில் சிடி73-ஐ அளப்போர், வெளிவரும் பாஸ்பேட்டை மாலக்கைட் பச்சைச் சாயத்தால் அளக்கலாம். பாஸ்பேட் தாங்கற்கரைசலில் செல்களைக் கழுவினால் அளவீடே மூழ்கிப்போகும். டிரிஸ் கரைசல் நல்லது. உலோக அயனிகளைப் பற்றும் வேதிப்பொருளான இடிடிஏ, துத்தநாகத்தைப் பறித்து நொதியை முடக்கும். அல்கலைன் பாஸ்பேட்டேஸும் மோனோபாஸ்பேட்டை வெட்டும் என்பதால், சிடி73 தடுப்பானைச் சேர்த்த குழாய் ஒன்றை உடன் வைத்து, அதில் கிடைத்த அளவைக் கழித்துவிட வேண்டும். அடினோசினையே நேரடியாக அளப்பதென்றால், செல்கள் அதை உறிஞ்சுவதைத் தடுக்கும் டைபிரிடமோலும் டிஅமினேஸ் தடுப்பானும் அவசியம். இல்லையேல் மாதிரி ஆய்வுக்கருவியைச் சேருமுன்பே அது மறைந்திருக்கும்.