விலா எலும்பு சொல்லும் சாட்சி

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "உறவினர் வீட்டில் மூன்று மாதக் குழந்தை கட்டிலிலிருந்து விழுந்துவிட்டதாகச் சொன்னார்கள். கைதான் வீங்கியிருந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் உடம்பு முழுவதும் எக்ஸ்ரே எடுத்தார்கள், இரண்டு வாரம் கழித்து வரச்சொல்லி மறுபடியும் எடுத்தார்கள். இப்போது குழந்தை யாரிடம் வளர்வது என்று குடும்ப நீதிமன்றத்தில் வழக்கு. தாயும் தகப்பனும் ஒருவரையொருவர் கைகாட்டுகிறார்கள். நீதிபதிக்கு உண்மை எப்படித் தெரியும்?"

முதலில் பார்ப்பது, சொல்லப்படும் காரணமும் காயமும் பொருந்துகின்றனவா என்பதை. நடை பழகும் பிள்ளைக்கு முழங்காலிலும் நெற்றியிலும் அடிபடுவது இயல்பு. தானாகப் புரளவும் தெரியாத சிசுவின் காதிலோ கழுத்திலோ வயிற்றிலோ கன்றிப்போன தடம் இருந்தால் மருத்துவர் நின்று யோசிப்பார். தடத்தின் நிறத்தை வைத்து நாள் கணிப்பது நம்பத்தக்கதல்ல. நம் குழந்தைகள் பலருக்கு இடுப்பிலும் பிட்டத்திலும் பிறவியிலேயே இருக்கும் நீலத் திட்டையும் அடி என்று எண்ணிவிடக் கூடாது.

இனி விலா எலும்புக்கு வருவோம். சிசுவின் விலா நன்றாக வளைந்து கொடுக்கும், எளிதில் முறியாது. ஒவ்வொரு விலாவும் பின்புறம் முதுகெலும்போடு இணைகிறது. இணையும் இடத்துக்குச் சற்று வெளியே, முதுகெலும்பிலிருந்து பக்கவாட்டில் நீளும் ஒரு முனையின்மேல் அது சாய்ந்திருக்கிறது. பெரியவர் ஒருவர் இரண்டு கைகளாலும் மார்பைச் சுற்றிப் பிடித்து பலமாக அழுத்தினால், கல்லின்மேல் வைத்து நெம்பிய கடப்பாரைபோல விலா அந்த முனையின்மேல் நெம்பப்படுகிறது. அதனால் முறிவு முதுகெலும்பை ஒட்டியே விழுகிறது. குழந்தையைத் தட்டையான இடத்தில் கிடத்தி மார்பை அழுத்தி உயிர்காக்க முயன்றால் முதுகு பின்னால் வளைய வழியில்லை. ஆகவே அந்த முயற்சியில் இந்த இடத்தில் முறிவது அரிது. முறிவு விழுந்த இடமே விசை வந்த வழியைச் சொல்லிவிடுகிறது!

இந்த முறிவு முதல் நாள் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, ஏனெனில் முறிந்த முனைகள் விலகுவதில்லை. ஏறத்தாழ ஒரு வாரத்துக்குப் பின் எலும்பின் மேலுறை புதிய எலும்பை உருவாக்கத் தொடங்கும். இரண்டு வாரத்தில் அந்த இடம் திரண்டு வெண்மையாகத் தெரியும். இரண்டாவது எக்ஸ்ரே இதற்குத்தான். ஒரே குழந்தையிடம் புதிய முறிவும் ஆறிவரும் பழைய முறிவும் சேர்ந்திருந்தால், ஒரே ஒரு விழுதல் என்ற விளக்கம் நிற்காது.

ஆனால் பிறவியிலேயே எலும்பு நொறுங்கும் நோய், வைட்டமின் டி குறைவு, இரத்தம் உறையாத கோளாறுகள் ஆகியவற்றை முதலில் பரிசோதித்து விலக்க வேண்டும். கூடவே வீட்டு வைத்தியத்தையும் கேட்க வேண்டும். சூடு போடுவதும், உரம் விழுந்தது என்று துணியில் போட்டுப் புரட்டுவதும் பாசத்தால் செய்யப்படுபவைதான். இருந்தாலும் சிசுவின் உடம்புக்கு அந்தப் பாசம் தெரியாது. இவற்றை அடியோடு நிறுத்த வேண்டும் என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. பிள்ளைகளின் எக்ஸ்ரே படிக்கத் தேர்ந்த கதிரியக்க மருத்துவரின் கருத்து ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கும் கிடைக்குமாறு அரசு பணம் ஒதுக்கவும் வேண்டும். படங்களைக் கணினி வழியே அனுப்பியே இதைச் செய்யலாம்.

1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் 12ஆம் பிரிவில் மருத்துவ வல்லுநரின் உதவியைப் பெற நீதிபதிக்கு வழி தருகிறது. வல்லுநரின் கருத்து தீர்ப்பாகிவிடாது. எலும்பு எப்படி முறிந்தது, ஏறத்தாழ எந்த வாரத்தில் என்பதே அவர் சொல்லக்கூடியது. அந்த நாள்களில் குழந்தை யார் கையில் இருந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரத் தாமதித்தது யார், சொன்ன காரணம் இடையில் மாறியதா என்பதை நீதிபதி சாட்சிகளிடமிருந்து அறிகிறார். குடும்ப நீதிமன்றத்தில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்ப்பது போதும். குற்றவியல் நீதிமன்றத்தில் நியாயமான ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். எனவே அங்கே ஒருவர் விடுதலையாகியும், இங்கே குழந்தை அவரிடம் ஒப்படைக்கப்படாமல் போகலாம்.